எந்த வார்டிலும் இல்லாத தெரு

இந்த வருடம் உங்கள் தலையில் வார்டு குறைப்பு வேலை விழுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். பில் கலெக்டராகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பிள்ளைகள் நோட்டும் கையுமாகத் தெருத்தெருவாக அலைகிறீர்களாம். சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கண்ணே என்று உங்கள் செயலாளர் கேட்டார். நான் பத்தாவது வரை படித்தவன். முப்பத்தொரு வருடமாக எழுதியதெல்லாம் ரசீதும் அறிக்கையும்தான். ஆனால் வார்டு குறைப்பு என்ற பேச்சு காதில் விழுந்ததுமே எனக்கு ஒரு தெரு ஞாபகம் வந்துவிட்டது. அதை மட்டும் எழுதுகிறேன். மற்றதையெல்லாம் ஆபீஸில் கற்றுக்கொள்வீர்கள்.

நான் கடைசியாக வேலை பார்த்தது திருமங்கலம் பக்கம் ஒரு பேரூராட்சியில். பெயர் வேண்டாம். பதினெட்டு வார்டு, பதினெட்டு கவுன்சிலர். பதினைந்து போதும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. மூன்று பேருக்கு நாற்காலி போகப்போகிறது என்றால் ஊர் எப்படி இருக்கும்? ஏழாம் வார்டு கவுன்சிலர் என்னை டீக்கடையில் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, என் வார்டுல கோழிக்குஞ்சு வரைக்கும் எண்ணிருங்க. ஒண்ணு விடக் கூடாது."

ஆறாம் வார்டுக்காரர் பக்கத்து பெஞ்சில் இருந்தபடியே சொன்னார்: "கோழிக்குஞ்சு மட்டுந்தேன் இருக்கு மாப்ள உன் வார்டுல. ஆளு எங்க இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் பங்குக்கு வந்தது ஏழாம் வார்டு. தெருத்தெருவாகப் போய் ஆளிருக்கும் வீடுகளைக் குறித்து வர வேண்டும். அந்தக் குறிப்பை வைத்துத்தான் எந்தத் தெரு எந்த வார்டில் சேரும் என்று பட்டியல் போடுவார்கள். வீடு பூட்டியிருந்தால் மூன்று தடவை போய்ப் பார்க்க வேண்டும். மூன்றாவது தடவையும் பூட்டியிருந்தால் 'குடியிருப்பு இல்லை' என்று எழுதிக்கொள்ளலாம்.

கடைசித் தெரு வாய்க்கால் தெரு. ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, வாய்க்காலை ஒட்டி இருந்தது. இருபத்தாறு வீடுகள். ஒரு காலத்தில் பண்ணை வேலை பார்த்த குடும்பங்கள் அரசாங்கம் கொடுத்த இடத்தில் கட்டிக்கொண்ட வீடுகள். காலையில் மற்றத் தெருக்களை முடித்துவிட்டு அங்கே போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. ஐப்பசி மாதம். அந்த வருடம் மழை ஏய்த்துவிட்டது. தினமும் மதியத்தில் இருட்டிக்கொண்டு வரும், ஒரு துளி விழாது. அப்படி ஒரு வெளிச்சத்தில்தான் தெருவுக்குள் வண்டியை விட்டேன்.

இருபத்தாறு கதவிலும் பூட்டு. இருபத்தாறு வாசலிலும் கோலம்.

பூட்டியிருக்கிறதே, எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். நோட்டில் குறித்துக்கொண்டு திரும்பும்போதுதான் ஏதோ ஒன்று உறுத்தியது. வண்டியை நிறுத்திப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு வாசல் கோலம் எப்படி இருக்கும்? பிள்ளைகள் மிதித்து, சைக்கிள் ஏறி, கோழி கிளறி, பாதி அழிந்து கிடக்கும். இங்கே ஒரு கோலத்திலும் ஒரு காலடி இல்லை. காலையில் போட்டது போட்டபடி இருந்தது. வேலைக்குப் போனவர்கள் எதை மிதித்துக்கொண்டு போனார்கள்?

அதோடு, எல்லாக் கோலமும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. இருபத்தாறு வீட்டுப் பெண்களுக்கும் ஒரே கையா?

நாலு நாள் கழித்து இரண்டாவது தடவை போனேன். அதே பன்னிரண்டு மணி, அதே பூட்டு, மிதிபடாத கோலம். அன்றைக்குக் கொடிக்கயிறுகளையும் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டுக் கொடியிலும் ஒரே ஒரு துணி. ஒரு வீட்டில் நீலச் சட்டை, அடுத்த வீட்டில் ஒரு பாவாடை, அதற்கடுத்து ஒரு துண்டு. குடும்பத்துக்கு ஒரு துணியா துவைப்பார்கள்? "யாரும்மா வீட்ல?" என்று குரல் கொடுத்தேன். என் சத்தம் தெருக்கோடி வரை போய், தனியாகத் திரும்பி வந்தது மாதிரி இருந்தது. நாய்கூடக் குரைக்கவில்லை.

சட்டைப் பையில் செபமாலை எப்போதும் இருக்கும். அன்று அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வண்டியை ஓட்டினேன்.

மூன்றாவது தடவை போனபோது கோலம் இல்லை. கொடியில் துணியும் இல்லை. வெறும் மண் வாசல்கள். அப்பாடா, இது சும்மா கிடக்கிற தெருதான் என்று எனக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது. நோட்டை எடுத்து எழுதலாம் என்று ஒரு வீட்டுச் சுவரோரம் நின்றேன். கதவில் சிவப்புப் பெயின்ட் அடித்த வீடு. வெளிச்சுவரில் பழைய சைக்கிள் சக்கரம் ஒன்று மாட்டியிருந்தது. பூட்டு துருவேறிப் போயிருந்தது. பேனாவைத் திறந்தேன்.

உள்ளேயிருந்து ஒரு ஆம்பிளைக் குரல் கேட்டது.

"ஆளிருக்கோம். எழுதிக்கோ."

மெதுவாக, களைத்துப்போன ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. கோபம் இல்லை. நான் பூட்டைப் பார்த்தேன். வெளிப்பக்கம் பூட்டியிருக்கிறது, மேலே சிலந்தி வலை. "யாரு? யாரு உள்ள?" என்று கேட்டேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

தம்பிகளே, தங்கச்சிகளே, அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டிய காரியம் ரொம்பச் சின்னது. வீட்டுக்குப் பின்னால் சுற்றிப்போய் ஒரு பார்வை பார்த்திருக்கலாம். இல்லாவிட்டால், கேட்டதைக் கேட்டபடி நோட்டில் எழுதியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. வண்டி கிளம்பவில்லை என்று உருட்டிக்கொண்டே மெயின் ரோடு வரை ஓடினேன். டீக்கடையில் உட்கார்ந்து எழுதினேன்: 'வாய்க்கால் தெரு. 26 வீடுகள். மூன்று முறை சென்றும் பூட்டியுள்ளன. குடியிருப்பு இல்லை.' மறுபடி அங்கே போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதிய வரி அது.

வரைவுப் பட்டியல் வெளியானது. ஏழாம் வார்டு போய்விட்டது. வாய்க்காலுக்கு மேற்கே இருந்த தெருக்கள் ஆறில், கிழக்கே இருந்தவை எட்டில். வாய்க்கால் தெரு இரண்டிலும் இல்லை. ஆளில்லாத தெருவை எங்கே சேர்ப்பது என்று என் அறிக்கையைப் பார்த்து விட்டுவிட்டார்கள். அப்படியே இறுதியானால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் ஓட்டுப் போட வார்டு கிடையாது. தெருக்குழாய்க்கும் விளக்குக்கும் யாரிடம் போய்க் கேட்பது என்றுகூட இருக்காது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

நடுவில் கல்லறைத் திருநாள் வந்தது. எங்கள் பங்குக் கோயிலில் அன்றைய பூசையில் அந்தந்த வீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்த மரித்தவர்களின் பெயர்களைச் சாமியார் ஒவ்வொன்றாக வாசிப்பார். நான் என் அப்பா பெயருக்காகக் காத்திருக்க வேண்டியவன். ஆனால் வாசிக்க வாசிக்க எனக்கு ஒரே பயம். அடுத்த பெயராக 'வாய்க்கால் தெரு, இருபத்தாறு வீடுகள்' என்று வந்துவிடுமோ என்று. உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாதவர்களை ஒரு வரியில் புதைத்துவிட்டு வந்து முழந்தாளில் நிற்கிறேனே என்று தோன்றியது. அப்பா பெயர் வாசித்தது காதில் விழவே இல்லை.

ஆட்சேபணை சொல்ல ஒரு கடைசி நாள் உண்டு. அன்று மதியம் மூன்று மணிக்கு ஒரு பெண் ஆபீஸ் படியேறி வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் ஆடு பத்துகிற குச்சி. வலது கை முழங்கைவரை வெந்து, தோல் சுருங்கி, விரல்கள் மடங்கியே இருந்தன.

"வாய்க்கால் தெரு எந்த வார்டுய்யா?" என்று பொதுவாகக் கேட்டார்.

எங்கள் டைப்பிஸ்ட் வாய் சும்மா இருக்காதவர். "ஆட்டுக்கெல்லாம் இன்னும் வார்டு பிரிக்கலக்கா" என்றார்.

"ஆடு அதுபாட்டுக்கு மேயும் தம்பி. மனுசனுக்கு எங்க இருக்குன்னு சொல்லு. பள்ளிக்கூடத்துப் புள்ளைய விட்டு நோட்டீஸ் போர்டுல ஒரு வரி விடாமப் படிக்கச் சொல்லிட்டேன். ஆறுலயும் இல்ல, எட்டுலயும் இல்ல. எங்களை எங்க கொண்டுபோய் வச்சீக?"

செயல் அலுவலர் மேடம் வெளியே வந்தார். என் மகள் வயது, கண்டிப்பானவர். பைலைப் புரட்டினார். "ஆளே இல்லைன்னு அறிக்கை இருக்கேம்மா."

"யாரு சொன்னா?"

மேடம் என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

"நாந்தேன் எழுதுனேன்."

"ஆளு இல்லையா? தெனம் விடியக்காலம் இருபத்தாறு வாசல் தெளிச்சுக் கோலம் போடுறேனே, அது பேயா போடுது?" என்றார் அவர்.

அவர் பெயர் பஞ்சவர்ணம். அப்புறம்தான் எல்லாம் விளங்கியது. அந்தத் தெருவே முறுக்குச் சுட வடநாட்டுக்குப் போய்விடும். குடும்பத்தோடு போய், பெரிய அடுப்பு போட்டு, அங்கேயே சுட்டு விற்று, வருடத்துக்கு ஒரு தடவை சாமி கும்பிட வருவார்கள். பஞ்சவர்ணமும் போனவர்தான். எண்ணெய்ச் சட்டி சரிந்து கை வெந்ததால் திரும்பி வந்து ஆடு மேய்க்கிறார். தெரு வெறிச்சோடிக் கிடந்தால் ஆளில்லாத இடம் என்று குழாயை அடைத்துவிடுவார்கள் என்று எல்லா வாசலுக்கும் அவரே கோலம் போடுகிறார், இடது கையால். கொடிக்கு ஒரு துணி போட்டு வைப்பதும் அவர்தான். ஒன்பது மணிக்கு ஆட்டைப் பத்திக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனால் நாலு மணிக்குத்தான் திரும்புவார். நான் மூன்று தடவையும் பன்னிரண்டு மணிக்கே போயிருக்கிறேன். பில் கலெக்டர் வேலையில் இதைவிடப் பெரிய மடத்தனம் எனக்குத் தெரியவில்லை.

மேடம் மணியைப் பார்த்தார். "அஞ்சே முக்காலுக்கு நான் இதை அனுப்பியாகணும். பூட்டைப் பார்த்து எழுதினது போதும்ணே. இப்பப் போங்க. வீட்டுக்கு வீடு பேரு வேணும், ஆளு இருக்கிறதுக்கு அத்தாட்சி வேணும். இல்லைன்னா உங்க அறிக்கைதான் போகும்."

பஞ்சவர்ணத்தை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு போனேன். இடுப்பில் கயிறு கட்டி அதில் சாவிக்கொத்து தொங்கியது. ஒரு வீட்டைத் திறந்தார். உள்ளே அடைந்து கிடந்த காற்று முகத்தில் வந்து மோதியது. சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டு, பாலிதீன் பையில் சுற்றிய வாக்காளர் அட்டை நகலை எடுத்தார். பிறகு செல்போனில் வீடியோ கால் போட்டார்.

"மாப்ள, உன் வீட்டுக்குள்ள நிக்கிறேன், பாரு. வார்டுக்காரரு வந்திருக்காரு. பேரைச் சொல்லு."

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம், எண்ணெய் பொரிகிற சத்தம், புகை. அதற்குள்ளிருந்து ஒரு முகம். "என்ன அக்கா, இந்நேரத்துல? எங்க வீட்டையா காட்டுற? அய்யோ, பானை அப்படியே இருக்கு!" என்று பின்னால் ஒரு பெண் குரல். அங்கே ஒரே கொட்டகையில் பாதித் தெரு வேலை செய்ததால் போன் கைமாறிக்கொண்டே போனது. இங்கே நாங்கள் வீடு மாறிக்கொண்டே போனோம். ஒவ்வொரு இருட்டறையிலும் நின்று பஞ்சவர்ணம் போனை உயர்த்திப் பிடிப்பார். ஆளில்லாத வீட்டுக்குள் ஆட்கள் பெயர் சொல்லுவார்கள். "இருக்கோம்ணே, எழுதுங்க. நானு, எம் பொண்டாட்டி, எங்கய்யா." வெறும் சுவர்கள் பேசுவது மாதிரி இருக்கும். நான் எழுதிக்கொண்டே போனேன். பயம் இருந்தது. ஆனாலும் எழுதினேன்.

இருபத்தைந்து வீடு முடிந்தது. பஞ்சவர்ணம் சாவிக்கொத்தை இடுப்பில் செருகினார். "அம்புட்டுத்தேன். போவோம்ணே."

"இன்னும் ஒண்ணு இருக்கே. சிவப்புக் கதவு."

"அது வேணாம்."

"அந்த வீட்லதான்மா நான் குரல் கேட்டேன். மூணாவது தடவை வந்தப்ப. ஆம்பிளைக் குரல். ஆளிருக்கோம், எழுதிக்கோன்னு. உன் கூட யாரும் இருந்தாங்களா அன்னைக்கு?"

"என்னைக்கு?"

"கோலம் போடாத அன்னைக்கு."

அவர் அப்படியே அந்த வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அன்னைக்கு நான் ஊர்லயே இல்லண்ணே. கைக்கு மருந்து வாங்க மதுரைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டேன். அதான் கோலம் இல்ல. தெருவுல ஒரு குஞ்சு கிடையாது."

வாய்க்காலில் தண்ணீர் இல்லை, காற்றும் இல்லை. நாங்கள் இருவரும் அந்தத் துருப்பிடித்த பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இது என் தம்பி வீடு. சோலைன்னு பேரு. போன தையில அங்கயே நெஞ்சைப் பிடிச்சு விழுந்துட்டான். ராக்கு, அவன் பொண்டாட்டி, எனக்குத் தகவல் சொல்லாமலே அங்கயே எரிச்சுட்டா. மூஞ்சியக்கூடக் காட்டல. அன்னையிலேருந்து அவகிட்ட நான் பேச்சு வச்சுக்கல. இந்த வாசலுக்குக் கோலம் போடுவேன். அவன் வாசல்னு போடுவேன். ஆனா இந்த வீட்டுப் பேரை எழுதணும்னு எனக்கு நெனப்பே வரல." என் முகத்தைப் பார்த்தார். "நெசமாவா கேட்டுச்சு?"

"மாதா சத்தியமா."

"எழுதிக்கோன்னா சொன்னான்?"

"அப்படித்தான்மா சொன்னாரு."

அவர் எழுந்துபோய் அந்தப் பூட்டைத் தொட்டுக்கொண்டு நின்றார். எனக்கோ மணி ஐந்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. செத்தவர் பெயரை எழுத முடியாது. அதை எப்படிச் சொல்வது என்று தவித்தேன். அவரே போனை எடுத்தார்.

"ஏய் ராக்கு, நாந்தேன்."

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு, "மதினி?"

"வார்டுக்கு எழுதுறாக. உன் பேரையும் உன் மக பேரையும் எழுதச் சொல்லவா?"

"என்னைத்தேன் ஆகாதுன்னுட்டீகளே."

"ஆகாதுதேன். அது வேற, வார்டு வேற. எழுதவா, வேணாமா?"

"நான் அந்தப் பக்கமே வரப்போறதில்ல மதினி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர?" என்று அழுதார். கொஞ்ச நேரம் கழித்து, "எழுதச் சொல்லுங்க" என்றார்.

எழுதினேன். இருபத்தாறு.

ஐந்தரைக்கு ஆபீஸில் புது அறிக்கையை வைத்தேன். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: 'மூன்றாவது முறை சென்றபோது பூட்டிய வீட்டினுள் ஆள் குரல் கேட்டது. பயத்தினால் அதை எழுதாமல் விட்டேன்.' மேடம் அதை இரண்டு முறை படித்தார்.

"இந்த வரியை வெட்டிறவாண்ணே? மேல யாராவது படிச்சா சிரிப்பாங்க."

"இருக்கட்டும் மேடம். கேட்டதுதானே."

அவர் வெட்டவில்லை. பொய் அறிக்கைக்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ மட்டும் தவறாமல் வந்தது. வாங்கிக்கொண்டேன். ஏழாம் வார்டு திரும்ப வரவில்லை, பதினெட்டு பதினைந்தானது ஆனதுதான். கோழிக்குஞ்சு கவுன்சிலர் இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் வாய்க்கால் தெரு ஆறாம் வார்டில் ஏறிவிட்டது.

தேர்தல் மாசியில் நடந்தது. முதல் நாளே தெரு முழுக்க ஆள் வந்து இறங்கிவிட்டது. நான் ஆறாம் வார்டு பூத்தில் தண்ணீர், பந்தல் பார்க்கிற வேலையில் இருந்தேன். மதியம் பன்னிரண்டு மணிக்கு, எனக்கே தெரியாமல், வண்டி அந்தத் தெருவுக்குள் போனது. பிள்ளைகள் ஓடுகிறார்கள், கொடி நிறையத் துணி, எங்கேயோ பாட்டு. கோலமெல்லாம் மிதிபட்டு, உருத்தெரியாமல் கிடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆண்டவரே ஸ்தோத்திரம் என்றேன்.

சிவப்புக் கதவு மட்டும் பூட்டியிருந்தது. ராக்கம்மாவும் மகளும் வருகிற ரயில் தாமதம், திண்டுக்கல்லைக்கூட இன்னும் தாண்டவில்லை என்று சொன்னார்கள். அந்த வாசலில் பஞ்சவர்ணம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் போய்ப் பார்த்தேன்.

விடியக்காலம் போட்ட கோலத்தின் நடுவே ஒரே ஒரு ஆளின் காலடி. பெரிய பாதம். பூட்டிய கதவடியில் தொடங்கி வெளியே தெருவைப் பார்த்துப் போயிருந்தது. நாலு எட்டில் மண்ணில் கலந்துவிட்டது.

"பயலுக யாராச்சும் விளையாடியிருப்பாங்க" என்றேன்.

"இருக்கும்" என்றார் பஞ்சவர்ணம். அழிந்த இடத்தை அவர் சரிசெய்யவில்லை. "மிதிச்சா மிதிச்சுட்டுப் போறான். அவன் வாசல்தான? பொண்டாட்டி புள்ளையக் கூப்பிட ஸ்டேசனுக்குப் போறானோ என்னமோ."

நான் சிலுவை போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். நேராகப் பூத்துக்குப் போய் வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் சொன்னேன், நேரம் முடிகிற வரை கேட்டை அடைக்க வேண்டாம், வாய்க்கால் தெருவிலிருந்து இன்னும் ஆள் வர வேண்டியிருக்கிறது என்று.